பெயரில்லாத வீடியோக்கள்

 

போன மாதம் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் எங்களிடம் படித்த பிள்ளை. கணவர் காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. "சேர், டீச்சர், ஸ்கூல் பொங்கல் விழாவுல அவரு தப்பு அடிச்சாருங்களே, நீங்க வீடியோ எடுத்தீங்க. அது இருக்குங்களா?" என்று கேட்டார். போட்டோ இருக்கிறதாம். குரல்தான் எங்கேயும் இல்லையாம்.

"இருக்கு" என்று உடனே சொல்லிவிட்டோம். எடுத்தது நன்றாக ஞாபகம். ஆனால் தேடி எடுக்கப் பதினொரு இரவு போனது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரிக் காலத்திலிருந்தே கண்டதையெல்லாம் வீடியோ எடுக்கும் பழக்கம். விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி, மீலாத் விழா, ஒளிவிழா, மாசி மாதத்துக் காமன் கூத்து, குடும்பத்து நிக்காஹ் என்று ஒரு டெரா ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கிறது. இவற்றை ஒழுங்குபடுத்த ஒரு சொப்ட்வெயாரை நம்பியிருந்தோம். யார் யார் இருக்கிறார்கள், எந்த டிவிஷன், என்ன விழா என்று லீவு நாட்களில் உட்கார்ந்து அதற்குள்தான் எழுதினோம். வீடியோ இருந்தது வெளி டிஸ்கில். எழுதிய பெயர்கள் இருந்தது கொம்பியூட்டருக்குள். அந்த வித்தியாசம் அப்போது விளங்கவில்லை. 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் கொம்பியூட்டர் ஒரு தடவை அணைந்தது, பிறகு எழும்பவேயில்லை. வீடியோக்கள் அத்தனையும் தப்பின. பெயர்கள் எல்லாம் போய்விட்டன.

ஆகவே, ஸ்டாஃப் ரூமிலும் ஜும்ஆ முடிந்து வாசலில் நிற்கும்போதும் "வீடியோ அடுக்கி வைக்க எந்த சொப்ட்வெயார் நல்லம்?" என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் அபிப்பிராயம் இதுதான். அது எவ்வளவு அழகாகக் காட்டுகிறது என்பதைப் பிறகு பாருங்கள். நீங்கள் எழுதும் பெயரை அது எங்கே வைக்கிறது என்று முதலில் பாருங்கள். தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற சொப்ட்வெயார் சாகும்போது உங்கள் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு போகும்.

சாகுமா என்று கேட்கலாம். பிகாசா ஞாபகமிருக்கும்தானே? ஒரு காலத்தில் எந்த ஸ்டூடியோவில் பார்த்தாலும் அதுதான். கூகுள் நிறுவனமே வைத்திருந்தது. 2016 மார்ச்சில் கைவிட்டார்கள். அடுத்து கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசம் என்று வந்தது, 2021 ஜூன் 1இலிருந்து 15 ஜிபியோடு நிறுத்திக்கொண்டது. அதுவும் உங்கள் ஜிமெயிலையும் சேர்த்துத்தான் 15 ஜிபி.

இப்போது கிடைப்பவற்றில் கோடி என்று ஒன்று உண்டு. பெயர்தான் கோடி, காசு கேட்காது. டீவியில் பார்க்க மிக அழகு. ஆனால் அது சினிமாவுக்கும் தொடர் நாடகத்துக்கும் செய்தது. கோப்பின் பெயரைப் பார்த்து இணையத்தில் தேடும், கொஞ்சம் ஒத்துப்போனால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏதோ ஒரு படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும். ஜெலிஃபின் பரவாயில்லை. வீட்டு வீடியோக்களுக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது. கொம்பியூட்டரில் போட்டுவிட்டால் வீட்டு வைஃபையிலேயே எல்லாருடைய போனிலும் பார்க்கலாம், டேட்டா வெட்டாது. ஆனால் இவை இரண்டும் பார்ப்பதற்குத்தான். பெயர் எழுதி அடுக்குவதற்கு நாங்கள் தெரிவு செய்தது டிஜிகாம். இதுவும் இலவசம். போட்டோவுக்காகச் செய்தது என்றாலும் வீடியோவையும் ஏற்கும். அமைப்புகளில் 'சைட்கார்' என்பதைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம். அப்போதுதான் நாம் எழுதும் விவரம் ஒரு சின்னக் கோப்பாக அந்த வீடியோவின் பக்கத்திலேயே உட்காரும். டிஸ்கை எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும்.

உண்மையைச் சொன்னால், இந்தத் தலையிடி ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்குக் கோப்பின் பெயரே போதும். வருஷம், மாதம், தேதி, நிகழ்ச்சி, இடம், ஆள். "2013-01-பொங்கல்-பணியகணக்கு-தப்பு" என்று இருந்தால் எந்தக் கொம்பியூட்டரும் தேடித் தரும். விண்டோஸ்காரர்கள் 'எவ்ரிதிங்' என்ற சின்ன சொப்ட்வெயாரைப் போட்டுக்கொண்டால் எழுத்தைத் தட்டத் தட்டவே காட்டும். தமிழில் எழுதலாம். ஆனால் யுனிகோடில் எழுதுங்கள். வினாத்தாள் அடிக்கிற பாமினியில் வீடியோப் பட்டியல் தயாரித்து வைத்திருக்கிற சேர்மார் சிலரை எங்களுக்குத் தெரியும். அதைப் போனில் திறந்தால் என்ன வரும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்ததை அசல் என்று நினைத்து வைத்துக்கொள்ளாதீர்கள். அது நசுக்கித்தான் அனுப்பும். முக்கியமானதை 'டொகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். பிரதி இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததற்குப் பிறகு மலையில் இருக்கிற எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் இரண்டாவது டிஸ்க் கண்டியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது.

நூலகம் நிறுவனம் 2005 முதல் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருவது பலருக்குத் தெரியும். அவர்களுடைய ஆவணகம் தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளும் உண்டு. போய்ப் பாருங்கள். பதிவோடு அதன் விவரமும் எழுதப்பட்டிருக்கும். அந்த விவரத்தை எந்த சொப்ட்வெயாராலும் எழுத முடியாது. முகம் கண்டுபிடிக்கிற வசதி இரண்டு படத்தில் இருப்பது ஒரே ஆள் என்று சொல்லும். அவர் எந்த லயம், யாருடைய மகன் என்று நம்முடைய பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் வீடியோ கடைசியில் கிடைத்தது. கெமராவில் தேதி போடாமல் விட்டதால் 2008 ஜனவரி 1 என்று காட்டிய ஒரு குவியலுக்குள், எம்விஐ 0847 என்ற பெயரில் கிடந்தது. 48 செக்கன். பாதி நேரம் முன்னால் நிற்கும் பிள்ளையின் தலை மறைக்கிறது. முடிவில் அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "போதுங்க சேர்" என்கிறார். அந்த அம்மா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். போனில் ஏற்றிக் கொடுத்தோம்.

அதே குவியலில் இன்னும் அறுபத்துச் சொச்சம் வீடியோக்கள் பெயரில்லாமல் இருக்கின்றன. பெரும்பாலும் மேல்கணக்கு, பணியகணக்குப் பெற்றோர். வருகிற ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் டீவியில் போடுகிறோம். பழைய ஆட்களை அடையாளம் தெரிந்தவர்கள், முக்கியமாக வயதான தாய்மார், வந்து சொல்லித் தந்தால் பெரிய உதவி. பிளேன்டீ எங்கள் பொறுப்பு.