கிளினிக் கொப்பியும் காணி உறுதியும்

இடம்பெயர்ந்து பழகிய மக்கள் நாம். 1990இலும், பின்னர் 2006, 2007இலும் ஊரை விட்டு ஓடியபோது கையில் எதை எடுத்தோம்? காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனோம். கிளினிக் கொப்பியை எடுத்தவர்கள் மிகச் சிலரே.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தபோது நாம் ஓட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆனால் படுவான்கரையிலுள்ள இருதய நோயாளிக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மீண்டும் வாவிக்கு அப்பால் எட்டாத தூரமாகிவிட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அந்தக் கஷ்டம் தீர்ந்தது என்று மகிழ்ந்திருந்தோம். பாலம் இருந்தது, பஸ் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமாகாது. கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்ப அந்த நாட்களில் ஒழுங்கு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொதி கொப்பியிலுள்ள விலாசத்துக்குத்தான் போகும். மகள் வீட்டிலோ, மைத்துனரின் வளவிலோ, மீள்குடியேறிய புதுக் காணியிலோ இருப்பவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? வார்பரின் குளிசை எடுப்பவர்களுக்கு இரத்தம் பரிசோதித்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதடைந்த இளையோருக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும். இவை தபாலில் வரக்கூடியவையல்ல.

மருந்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. நெஞ்சு நோகிறது என்று சொன்னால் புனானைக்குத் தனிமைப்படுத்தக் கொண்டுபோவார்களோ என்று வாய் திறவாது கிடந்தவர்கள் உண்டு. இது எமது மக்களின் அறியாமை மட்டுமல்ல. இத்தாலியில் 2020 மார்ச் மாதத்தில் ஒரு வாரத்தில் மாரடைப்புக்காக வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் தொகை, முந்திய வருடத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாரடைப்பே அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, வந்தவர்களும் பிந்தி வந்தார்கள்.

லொசாட்டன் போன்ற பிறஷர் குளிசைகள் கொரோனாவைக் கடுமையாக்கும் என்ற கதையும் பரவியது. அதற்கு ஆதாரமில்லை, மருந்தை நிறுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய இருதயவியல் சங்கம் 2020 மார்ச் 13ஆம் திகதியே அறிவித்தது. அந்த அறிவித்தல் எமது ஒழுங்கைகளுக்கு வந்து சேரவில்லை. கதை வந்து சேர்ந்தது.

எம்மையும் நாம் விசாரித்துப் பார்க்க வேண்டும். பங்குகளிலும் சங்கங்களிலும் நாம் நிவாரணப் பொதி கட்டினோம். அரிசி, பருப்பு, சீனி, ரின்மீன், கருவாடு. இருதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கு உப்பு எவ்வளவு கெடுதல் என்று வைத்தியர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கும் அதே கருவாட்டைத்தான் கொடுத்தோம். படம் பிடித்தோம். கொப்பியைக் காட்டுங்கள், குளிசை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டோமா? பெரும்பாலான வீடுகளில் கேட்கவில்லை.

எமது ஊர்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் அரிது. செத்த வீட்டுக்குக் கதிரையும் கொட்டிலும் தவறாமல் வரும். அந்தச் சங்கமே உயிரோடிருக்கும் நோயாளர்களின் பெயரையும் ஏன் எழுதி வைக்கக் கூடாது? யார் வார்பரின் எடுக்கிறார், யாருக்கு ஊசி நாள் எப்போது, எந்த வாலிபனிடம் மோட்டார் சைக்கிள் உண்டு என்பன ஒரு கொப்பியில் அடங்கும். அவரவர் சம்மதத்துடன் எழுத வேண்டும். நோயை ஊர்க்கதையாக்கக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் இதற்குத் துணை நிற்பார்கள் என்றே நம்புகிறோம். 2022இல் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் இத்தகைய கொப்பி உதவியிருக்கும். வெள்ளம் வந்தாலும் உதவும்.

இன்னொன்று. காய்ச்சலோ உடம்பு நோவோ வந்தால் கடையில் டைக்குளோபெனாக், இபுபுரோபன் வாங்கி விழுங்குவதை இருதய நோயாளர்கள் விட்டுவிட வேண்டும். அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். பரசிற்றமோல் போதும். நெஞ்சு இறுகி வியர்த்தால் விடியும்வரை காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கிளினிக் கொப்பிகளையும் கொண்டுவாருங்கள். முதலில் விலாசத்தைப் பார்ப்போம்.