புள்ளியைக் கண்டதும் மருந்தா?

“பீன்ஸ் இலையில் துருப்புள்ளி தெரிந்தால் அன்றைக்கே மருந்து அடி. அப்புறம் வாரம் ஒரு தடவை தவறாதே. அளப்பதும் எண்ணுவதும் ஆராய்ச்சி நிலையத்தார் வேலை.” தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமானாலும் நீலகிரியானாலும் பீன்ஸ் போடுகிறவர் காதில் அடிக்கடி விழும் யோசனை இது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நோயின் போக்கு வேறு.

முதலில் அந்த ‘அன்றைக்கே’. துருவை உண்டாக்கும் யூரோமைசிஸ் பூஞ்சையின் வித்து, இலை ஈரமாக இருந்தால் முளைத்து மெல்லிய குழாயை நீட்டுகிறது. அந்தக் குழாய் இலையின் மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டே இலைத்துளையைத் தேடிப் போகும். துளையின் உதடு ஏறத்தாழ அரை மைக்ரான் உயரம். அந்த உயரம் தட்டுப்பட்டதும் நின்று, அங்கேயே உள்ளே நுழைந்துவிடும். பிளாஸ்டிக் தகட்டில் அதே உயரத்துக்கு வரப்பு போட்டு வைத்தபோதும் பூஞ்சை அதைத் துளை என்று நம்பி நின்றதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் எழுதினார்கள். நுழைந்த பிறகு ஐந்தாறு நாளில் வெளிறிய பொட்டு வரும். மேலும் சில நாளில் அது கொப்புளமாகி வெடித்து, தொட்ட விரலில் செந்தூள் ஒட்டும். நாம் ‘புள்ளி வந்துவிட்டது’ என்பது இந்தக் கட்டத்தில்தான். கந்தகம், மாங்கோசெப் போன்ற மேல்பூச்சு மருந்துகள் முளைக்கும் வித்தைத் தடுக்கும். இலைக்குள் போய்விட்ட பூஞ்சையைத் தொடாது. ஆகவே அடித்த மறுவாரமும் புதுப்புள்ளி கிளம்பத்தான் செய்யும். அவை மருந்துக்கு முன்பே நுழைந்தவை. இது தெரியாமல் ‘மருந்து கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டுகிறார்கள்.

‘வாரம் ஒரு தடவை’ என்பதும் நோயைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல. வித்து முளைத்து நுழைய 17 முதல் 27 டிகிரி வரையான மிதமான சூடும், பத்து மணி நேரத்துக்குக் குறையாத இலை ஈரமும் வேண்டும். அடைமழை வித்தைக் கழுவிக்கூட விடும். விடியும்வரை இலையில் நிற்கிற பனிதான் துருவுக்கு வாகானது. சாயங்காலம் தெளிப்பு நீர் விடுவதும் அதே வேலையைச் செய்யும். நல்ல வெயில் அடித்து இலை காய்ந்து கிடக்கிற வாரத்தில் அடிக்கும் மருந்து வீண் செலவு. செலவோடும் போவதில்லை: பீன்ஸை மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை பறிக்கிறோம். அடித்த பின் பறிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று மருந்து டப்பாவில் அச்சிட்டிருக்கும் நாள் முடியும் முன்பே காய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால், அதைச் சமைத்துத் தின்பது குழந்தைகளும்தான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வலிக்கும் இடம் இது.

அளப்பது நமக்கெதற்கு என்கிறார்களே, அங்கேதான் நான் முழுக்க மாறுபடுகிறேன். சின்னச் சின்னப் புள்ளிகள் நிறைந்த இலையைப் பார்த்தால் பழகியவர் கண்கூட உள்ளதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடும். ஐந்து சதவீதம் இருபதாகத் தோன்றும். பயத்தில் கை மருந்து டேங்க்குக்குப் போகும். இதற்காகவே ஆஸ்திரேலியாவில் தாவர நோயியல் அறிஞர் நேதன் காப் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோதுமைத் துருவுக்குப் படம் வரைந்து அளவுகோல் வைத்தார். 1948-இல் திருத்தப்பட்ட அந்த அளவுகோலில் இலைப்பரப்பில் 37 சதவீதத்தைக் கொப்புளம் மூடினாலே அது 100 என்று கணக்கு. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் ‘நாற்பது சதவீதம் துரு’ என்றால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

தோட்டத்தில் இதைச் செய்ய ஒரு காலைப்பொழுது போதும். குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடி. செடிக்குக் கீழ், நடு, மேல் என மூன்று இலை, அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து. அறுபதில் எத்தனை இலையில் துரு, சராசரியாக எவ்வளவு பரப்பு என்று நோட்டில் எழுதி, நாலைந்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அறுபதில் மூன்று இலை என்றிருந்தது நாலாகி நின்றால் பொறுக்கலாம். பதினைந்தாகி, செடியும் இன்னும் பூக்கவில்லை என்றால் அன்று அடிப்பது நியாயம். நோயின் வேகத்தை இப்படிக் காலத்தோடு சேர்த்துப் படிக்க வழிகாட்டியவர் தாவர நோயியல் அறிஞர் வான்டர் பிளாங்க். அவருடைய புத்தகம் 1963-இல் வந்தது. பூப்பதற்கு முன் ஏறும் துரு மகசூலைத் தின்னும். கடைசிப் பறிப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் அடியிலைகளில் வருகிற துருவால் பெரிய இழப்பில்லை. காயிலேயே கொப்புளம் ஏறினால் மட்டும் விலை அடிபடும்.

மருந்தை விட்டால் வழியில்லை என்பதும் சரியல்ல. யூஆர்-3, யூஆர்-11 போன்ற எதிர்ப்பு மரபணுக்களை ஒரே செடியில் சேர்த்து அமெரிக்காவில் ரகங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பூஞ்சையில் பல இனங்கள் இருப்பதால் ஒற்றை மரபணு நெடுநாள் தாங்காது. எந்த ரகம் தாங்குகிறது என்பதற்கும் அளவுதான் சாட்சி: கொப்புளம் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைவாக நின்றுவிட்டால் அது எதிர்ப்பின் அடையாளம்.

இன்னொன்று, துரு விதை வழியாகப் பரவுவதில்லை. விதைநேர்த்தியை நம்பி இருக்க வேண்டாம். பறிப்பு முடிந்தும் பிடுங்காமல் விட்ட கொடியிலிருந்துதான் பக்கத்துத் தோட்டத்து இளஞ்செடிக்குச் செந்தூள் பறக்கிறது. அந்தக் கொடியை அந்த வாரமே அப்புறப்படுத்தி, சருகை ஆழ உழுது புதைத்து, அடுத்த போகத்துக்குப் பீன்ஸ் அல்லாத பயிரை வைக்கலாம். பழைய குச்சிகளிலும் வித்து தங்கும் என்பதால், திரும்ப ஊன்றும் முன் அவற்றைக் கழுவி வெயிலில் போட வேண்டும்.