முன்னோர் மனைக்கு அளவுகோல் யார் கையில்?

தந்தை விட்டுச்சென்ற மனை மக்களுக்கு வாழ்வின் வேர். வரி தண்டும் அரசுக்கோ அது வெறுந்தொகை. அத்தொகை எவ்வளவு, எந்நாளைய விலை, அதனை எழுதுபவர் யார் என்னும் மூன்று வினாக்களிலேயே மரபுரிமை வழக்கு முழுவதும் அடங்கியுள்ளது.

1953-ஆம் ஆண்டில் தில்லி நாடாளுமன்றம் இறப்புவரிச் சட்டத்தை இயற்றியது. உடையவர் இறந்த நாளில் பொது அங்காடியில் விற்றால் கிடைக்கும் விலையே உடைமையின் மதிப்பு என்றது அச்சட்டம். விற்கும் எண்ணமே இல்லாத வீட்டிற்கும் விற்பனை விலையே அளவுகோலாயிற்று. 20 நூறாயிரம் உருபாவுக்கு மேற்பட்ட பகுதிக்கு 85 விழுக்காடு வரை வரி உயர்ந்தது. ஆயினும் பெருஞ்செல்வர் பிடிபட்டனரா? 1985-இல் அவ்வரியை நீக்கிய பணத்துறையமைச்சர் வி.பி. சிங், அதன் வருவாய் ஏறத்தாழ 20 கோடி உருபாவே என்றும், தண்டும் செலவோ மிகுதி என்றும் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்.

வரி ஒழிந்தது, அளவுகோலின் முறைகேடு ஒழியவில்லை. அது வேறு வாயில் வழியாக நுழைந்துள்ளது. முன்னோர் மனையை விற்கும்போது, வாங்கிய முதலுக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின்மீது இந்திய அரசு வருமானவரி தண்டுகின்றது. மரபுரிமையர் விலை கொடுத்து வாங்கவில்லையாதலின், முன்னோர் கொடுத்த விலையே முதலாகும். 2001 ஏப்பிரல் முதல் நாளுக்கு முன் வாங்கிய மனையாயின், அந்நாளைய மதிப்பை முதலாகக் கொள்ளலாம். ஆனால் அம்மதிப்பு, பதிவுத்துறையின் அன்றைய வழிகாட்டி மதிப்பை விஞ்சக்கூடாதென 2020-இல் தில்லி பூட்டுப் போட்டது.

எடுத்துக்காட்டாக, 2001-இல் 5 நூறாயிரம் உருபாவுக்கு விலைபோகக்கூடிய மனைக்கு வழிகாட்டி மதிப்பு 2 நூறாயிரம் என்று கொள்க. எஞ்சிய 3 நூறாயிரமும் ஈட்டாத வருவாயாக ஏறுகின்றது. 12.5 விழுக்காட்டு வரியில் 37,500 உருபா வீண் இழப்பு! மறுமுனையிலோ, விற்ற விலையினும் இன்றைய வழிகாட்டி மதிப்பு பத்து விழுக்காட்டுக்குமேல் உயர்ந்திருந்தால், அவ்வழிகாட்டி மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படுகின்றது. முதலைத் தாழ்த்தவும் அதே கோல். விலையை உயர்த்தவும் அதே கோல்! இரு முனையிலும் இழப்பவர் மரபுரிமையரே.

வழிகாட்டி மதிப்பை மறுத்து மதிப்பீட்டு அலுவலரிடம் செல்லச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பைப் படிக்கவியலாத நெசவாளர் மகளுக்கு அவ்வழியை யார் காட்டுவது? தன் தந்தையின் வீட்டு மதிப்பைத் தன் தாய்மொழியில் கேட்டறிய முடியாத நிலை, வரியினும் பெரிய இழப்பன்றோ?

உழுநிலத்தின் மரபுரிமைமீது வரி விதிக்கும் உரிமையை இந்திய அரசியலமைப்பு மாநிலங்களுக்கே ஒதுக்கியுள்ளது. வீட்டுக்கும் மனைக்கும் மட்டும் அவ்வுரிமை தில்லிக்குப் போனது ஏன்? தமிழ்நாட்டுப் பதிவுத்துறை வகுத்த மதிப்பைக் கொண்டு தில்லி வரி கணிக்குமாயின், அவ்வரியை வகுக்கும் உரிமையும் இம்மண்ணுக்கே வேண்டும். அதுவரை 2020-இல் இட்ட பூட்டு நீங்குக. அண்டை மனைகளின் அன்றைய விற்பனை ஆவணங்கள் சான்றாக ஏற்கப்படுக. அறிவிப்புகள் அனைத்தும் தமிழில் வருக.

மரபுரிமை வரி பற்றிய பேச்சு 2024 தேர்தலின்போது மீண்டும் எழுந்தது. பெருஞ்செல்வக் குவியலுக்கு வரி வேண்டுவதே. குடியிருக்கும் குடிலுக்கு அன்று. அவ்வரி மீண்டும் வருமுன் அளவுகோலைத் திருத்தும் உரிமைக்குத் தமிழர் குரலெழுப்புதல் வேண்டும். கோல் பிறர் கையிலிருக்கும்வரை நிலம் தமிழனுடையதாயினும் அதன் விலை அவனுடையதன்று.