பிழைத்ததே போதும் என்னும் பேதைமை

தீக்காயம்பட்டு மீண்ட ஒருவரைப் பார்த்துவரச் செல்லும் உற்றார் உறவினர், அவருடைய முழங்கை நீளாமல் மடங்கிக் கிடப்பதையும், மோவாய் மார்பை நோக்கி இழுபட்டுக் கழுத்து நிமிராமல் இருப்பதையும் கண்ணாரக் கண்ட பிறகும், "உயிர் பிழைத்ததே பெரிது, இனிமேல் இதற்கு என்ன செய்ய முடியும்?" என்று சொல்லித் தேற்றிவிட்டு வருவதைத் தங்கள் கடமையாகவே கருதிவருகிறார்கள். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், புண் ஆறியதோடு சிகிச்சை முடிந்தது என்பதும், அதன்பின் வரும் முடக்கம் விதியின் விளையாட்டு என்பதும், அதை நீக்க அறுவை சிகிச்சையை நாடுவது வெறும் அழகாசை என்பதும் ஆகிய மூன்று தப்பபிப்பிராயங்கள் அந்த ஆறுதலுக்குள் ஒளிந்திருக்கின்றன. மூன்றும் பிழை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெருப்பு பெரும்பாலும் தோலைத்தான் எரிக்கிறது; அதன் அடியிலுள்ள மூட்டு, எலும்பும் குருத்தெலும்பும் பழுதுறாமல், அநேகமாக முன்போலவே இருந்துவிடுகிறது. ஆனால் தோலின் முழுக் கனமும் வெந்துபோன இடத்தில், புதிய தோல் முளைப்பதற்கு வேண்டிய மூலாதாரம் அடியில் எஞ்சாமற்போகவே, சரீரமானது புண்ணின் ஓரங்களைச் சுருக்குப் பையின் வாயைப்போல் நாற்புறமும் உள்நோக்கி இழுத்து அதை மூடப் பார்க்கிறது. இவ்வாறு இழுக்கும் வேலையைச் செய்பவை தசையின் சுபாவத்தையும் நாரிழைகளை உண்டாக்கும் சுபாவத்தையும் ஒருங்கே கொண்ட ஒருவகை உயிரணுக்கள் என்பதை 1971-இல் கப்பியானி என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். புண் மூடிய அன்றே இந்த இழுப்பு நின்றுவிடுவதில்லை. தழும்பு சிவந்தும் தடித்தும் இருக்கும் மாதங்களிலெல்லாம் அது தொடர்ந்து நடைபெற்று, அக்குளையும் முழங்கையையும் விரல்களையும் கழுத்தையும் சிறிது சிறிதாக மடக்குகிறது. ஆகவே புண் ஆறியதென்று வீட்டார் நிம்மதியடையும் அந்த வேளையே, உண்மையில், மிகுந்த விழிப்போடு இருக்கவேண்டிய வேளையாகும்.

இந்த அறியாமைக்குத் துணையாக நம்முடைய இரக்கமும் வந்து சேர்ந்துகொள்கிறது. வெந்த கையை நீட்டினால் வலிக்கிறது. மடக்கினால் வலி தணிகிறது. நோயாளி மடக்கியே வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர்களும் "பாவம், வலிக்கிறது, விட்டுவிடுங்கள்" என்று பிஸியோதெரபிஸ்டைத் தடுத்து, தலைக்கு உயரமான தலையணையும் முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வையும் வைத்துத் தங்கள் அன்பைத் தெரிவிக்கிறார்கள். எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே மூட்டு முடங்கும் என்பது தீக்காய சிகிச்சையின் பழைய எச்சரிக்கை. கழுத்து வெந்தவருக்குத் தலையணையே கூடாது. தலை சற்றுப் பின்னோக்கிச் சாயும்படி தோளுக்கு அடியில்தான் தாங்கல் வைக்கவேண்டும். அக்குள் வெந்தால் கை உடலைவிட்டு அகன்று செங்கோணத்தில் இருக்கவேண்டும். முழங்கையும் முழங்காலும் நீண்டிருக்கவேண்டும். இந்த நிலைகளைக் காக்கும் பலகைப் பட்டைகள், அன்றாடப் பயிற்சி, தழும்பை அமுக்கிவைக்கும் இறுக்கமான ஆடை ஆகியவற்றைப் பல மாதங்கள் விடாமல் கைக்கொள்வதற்கு மருந்துக்குச் சமமான மதிப்பு உண்டு.

புண்ணை எப்படியாவது உலர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்னும் எண்ணம் பாமரருக்கு மாத்திரம் உரியதன்று. மசியையும் பற்பசையையும் நம்மவர்கள் தடவுவதுபோலவே, மேனாட்டு வைத்தியர்களும் ஒருகாலத்தில் டானிக் அமிலத்தைப் பூசி, வெந்த தோலைக் கெட்டியான பொருக்காக்கி, அதைக் குணமென்று எண்ணினார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானம் எரிந்து மீண்ட இளைஞர்களின் கைகளும் இமைகளும் அந்தப் பொருக்கினடியில் பாழானதைக் கண்ட ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, அதைக் கடுமையாகக் கண்டித்து, உப்புநீர்க் குளியலையும் படிப்படியான அறுவை சிகிச்சைகளையும் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஆஸ்பத்திரியில் கையாண்டார். பின்னர் 1970-இல் யுகோஸ்லாவியாவின் மரிபோர் நகரத்து வைத்தியரான ஸோரா யான்ஷேகோவிச், வெந்த தோல் தானாக உதிரும்வரை காத்திராமல், முதல் சில நாட்களிலேயே அதைச் செதுக்கி நீக்கி உடனே தோலொட்டுச் செய்யும் முறையை வெளியிட்டார். முடக்கத்தைத் தடுக்கும் முயற்சி காயம்பட்ட வாரத்திலேயே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, முடங்கிப்போனபின் பரிகாரமே இல்லை என்னும் வாதத்தைப் பார்ப்போம். 1869-இல் பாரிஸில் ரெவெர்டின் சிறு சிறு தோல் துணுக்குகளைப் புண்ணின்மேல் வைத்து வளரச் செய்தார். 1875-இல் கிளாஸ்கோவின் கண் வைத்தியர் உல்ஃப், சுருங்கிப் புறம்புரண்ட கீழிமை ஒன்றை முழுக் கனத் தோலொட்டினால் சீர்செய்த விவரத்தை வெளியிட்டார். முடக்கத்தை நீக்கும் கலை இவ்வளவு பழமையானதாக இருக்கையில், அதை நேற்று வந்த விந்தையென்றோ எட்டாக் கனியென்றோ நினைப்பது தகுமா? தழும்பு ஒரு கயிறுபோல் ஓடினால், அதன் இரு பக்கமும் முக்கோண வடிவில் தோலைப் பிரித்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றித் தைக்கிறார்கள். இதற்கு இசட் பிளாஸ்டி என்று பெயர். முக்கோணத்தின் கோணம் 60 பாகையாக இருந்தால், கணக்கின்படி அந்தக் கோட்டின் நீளம் 75 சதவீதம் கூடுகிறது. தழும்பு அகன்று பரவியிருந்தால், அதைக் குறுக்கே அறுத்து மூட்டை விடுவித்து, உண்டாகும் வெற்றிடத்தைத் தொடை முதலிய இடங்களிலிருந்து எடுத்த தோலால் மூடுகிறார்கள். நரம்போ எலும்போ வெளித்தெரியும் இடங்களில் இரத்த ஓட்டத்தோடு கூடிய தோல் மடலையே கொண்டுவந்து பொருத்துகிறார்கள். மோவாய் மார்போடு ஒட்டியவருக்கு மயக்கமருந்து கொடுக்கச் சுவாசக் குழாயைச் செலுத்துவதே கடினமென்றாலும், அதற்கும் தேர்ந்த மயக்கவியல் வைத்தியர்களிடம் உபாயங்கள் இருக்கின்றன.

இதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குபவர்கள், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக இயலாத முழங்கையை அழகின் கணக்கில் எழுதுவார்களா? இமை சுருங்கினால் கருவிழி மூடப்படாமல் உலர்ந்து பார்வைக்கே ஆபத்து வருகிறது. ஆகையால் தழும்பு முதிரட்டும் என்று ஓராண்டு காத்திருக்கும் பொதுவிதி இமைக்குப் பொருந்தாது. குழந்தைகளுக்கோ எலும்பு வளர்கிறது, தழும்பு அதனோடு சேர்ந்து வளர்வதில்லை; கழுத்துத் தழும்பு கீழ்த்தாடையையும் பற்களையும் இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. மூட்டின் மடிப்பில் அடிக்கடி வெடித்து ஆறாமல் கிடக்கும் தழும்பு, பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக மாறுவதும் உண்டு. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலே, இந்த அறுவையை அவயவத்தின் செயற்பாட்டை மேம்படுத்துவதற்கானது என்று குறிப்பிட்டு, பட்டைகளையும் அழுத்த ஆடைகளையும் பிஸியோதெரபியையும் அதனுள் சேர்த்திருக்கிறது. அரசாங்கத்தின் கணக்கேட்டுக்குத் தெரிந்த உண்மை வீட்டாருக்குத் தெரியாமலிருப்பது பரிதாபமே.

"செய்து பார்த்தோம், மறுபடியும் மடங்கிவிட்டது" என்று சிலர் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. மெல்லிய தோலொட்டு தானும் சுருங்கும் இயல்புடையது. நெடுங்காலம் மடங்கிய முழங்காலில் நரம்புகளும் இரத்தக் குழாய்களுமே குறுகிவிடுவதால், ஒரே நாளில் அதை முழுவதும் நீட்டவும் கூடாது. ஆனால் தையல் பிரித்த மறுவாரமே பட்டையைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டுக் கத்தியின்மேல் பழி சுமத்துவது நியாயமாகாது. அறுவை சிகிச்சை பாதி வேலை. அதன்பின் வரும் ஆறு மாதத்துப் பட்டையும் பயிற்சியுமே மற்றப் பாதி. இதை நோயாளிக்கு விளங்கச் சொல்லாமல், அடுத்து எப்போது வரவேண்டும் என்பதைக்கூடக் குறிப்பிடாமல், சீட்டெழுதி அனுப்பும் ஆஸ்பத்திரிகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே.

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் அடுப்பங்கரையில் வெந்த பெண்கள் எத்தனையோ பேர். முடங்கிய கையோடு அதே அடுப்பங்கரைக்குத் திரும்புகிறவர்களும் அவர்களே. விமானிகளின் கைகளுக்காக ஒரு தேசம் போர்க்காலத்திலும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டது. அந்த நோயாளிகள் 1941-இல் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டு, வெட்கமின்றி ஊருக்குள் நடமாடினார்கள். நம் வீட்டுப் பெண்ணின் கை அதைவிட மதிப்புக் குறைந்தது என்று யார் தீர்மானித்தார்கள்? அவளைக் கூட்டத்துக்கு மறைத்து உள்ளறையில் வைப்பதும், "இனி யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் விதியின் செயல் ஆகா. அவை நம்முடைய செயல்கள்.

ஆகவே தீக்காயம்பட்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் பழைய ஆறுதலைச் சொல்லாமல், கழுத்து நிமிர்கிறதா, கை தலைக்குமேல் உயர்கிறதா, விரல்கள் விரிகின்றனவா என்று விசாரியுங்கள்; இல்லையென்றால், பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். பல ஆண்டுகள் கழிந்திருந்தாலும் சீராக்க இடமுண்டு. காலம் தாழ்த்தத் தாழ்த்த அந்த இடம் குறைந்துகொண்டே போகும்.