குறை வீட்டிலா, வளவிலா?



இருக்கும் வீட்டைத் திருத்துவதா, வேறிடம் போவதா என்ற பேச்சு எழாத குடும்பம் குறைவு. நமது கிழக்கிலே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆகவே இம்முடிவில் உங்கள் சொல்லும் இருக்க வேண்டும்.

நிலாவெளிக்கு வடக்கேயுள்ள இறக்கக்கண்டியைப் பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இக்கரையைத் தாக்கியது. 2005இல் அரசாங்கம் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை விதித்து, பின்னர் தளர்த்தியது. தள்ளிப் போனால் பயம் குறையும். தோணியும் வலையும் தூரமாகிவிடும். கரையோரக் குடும்பங்களின் இக்கட்டு இதுதான்.

முதலில் யோசியுங்கள்: குறை வீட்டிலா, வளவிலா? ஒழுகும் கூரையையும் நெருக்கமான குசினியையும் காசு சேரச் சேரத் திருத்தலாம். பள்ளக் காணி, உப்புக் கிணறு, தகராறான உறுதி ஆகியவற்றை எந்த மேசனாலும் திருத்த முடியாது.

போவதென்றால், புதுக் காணியை மாரி மழையில் ஒருமுறை பாருங்கள். கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். தொழிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரத்தை நடந்தே அளவுங்கள். உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இருப்பதென்றால், கூரையும் மலசலகூடமும் முதலில், வர்ணம் கடைசியில். கொங்கிறீற்றில் கடல் மண்ணைக் கலக்க விடாதீர்கள். உப்பு கம்பியைத் தின்றுவிடும். கடல் திடீரென உள்வாங்கினால் எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு இன்றே காட்டி வையுங்கள்.

குடும்பத்தோடு மஷூறா செய்யுங்கள். அவசரம் வேண்டாம்.