பந்து சோறு போடுமா?

திண்டுக்கல்லில் பையனின் பையில் ஃபுட்பால் பூட்ஸைப் பார்த்துவிட்டால், அப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ‘‘பந்து சோறு போடுமாடா?’’

நியாயமான கேள்வி. ஆனால், கேட்கப்படும் ஆள்தான் தப்பு. பதில் சொல்ல வேண்டியது பையன் இல்லை சார், பந்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிற பெரியவர்கள்!

நத்தம் வழியாக காரைக்குடி பஸ் பிடித்தால், அதற்குப் பக்கத்தில்தான் கண்டனூர். 2001-ல் பிறந்த சிவசக்தி நாராயணனின் ஊர். திருக்காட்டுப்பள்ளியில், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்திய பயிற்சிப் பள்ளியில் பழகி, பெங்களூரு எஃப்.சி. அணிக்குப் போனார். 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் துராந்த் கோப்பை ஃபைனல். மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் சிவசக்தி போட்டது. 2-1 என்று கோப்பை பெங்களூருவுக்கு. அந்த 2022-23 ஐ.எஸ்.எல். சீசனின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே.

ஆஹா, சோறு போட்டுவிட்டதே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். போட்டியை நடத்திவந்த கம்பெனி, ‘கால்பந்து சம்மேளனத்தோடு போட்ட ஒப்பந்தம் டிசம்பரில் முடியுது. அதுக்குப் பிறகு என்னன்னு தெரியல’ என்று சீசனை நிறுத்திவைத்தது. அடுத்த மாதமே பெங்களூரு கிளப், வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி.யும் கதவைச் சாத்தியது. கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பெரிய மனிதர் கூட்டம் பேசி முடிக்கவில்லை. அதற்கு, கோல் போட்டவன் வீட்டில் உலை கொதிக்கக் கூடாதா? என்ன நியாயம் இது!

இதுதான் முதல் தடவை என்று நினைக்காதீர்கள். சென்னை சிட்டி எஃப்.சி.யை ஞாபகம் இருக்கிறதா? 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி, ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த அணி. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீகில் அந்த அணியே இல்லை. ஒரு பெட்டிக்கடைகூட இதைவிட நிதானமாக மூடப்படும்!

நான் படித்தது காமர்ஸ். அதில் தேய்மானம் என்று ஒரு சமாசாரம் உண்டு. லாரி வாங்கினால், வருஷா வருஷம் அது தேய்வதைக் கணக்கில் எழுத வேண்டும். ஃபுட்பால் ஆடுகிறவனின் முழங்காலும் தேய்கிறது. அதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை. முப்பத்தைந்து வயதில் அவன் இறங்கும்போது கையில் டிகிரியும் இருக்காது, வேலையும் இருக்காது.

முன்பு வேலையாவது இருந்தது. 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீகில் ஆடிய சென்னை அணி எது தெரியுமா? இந்தியன் வங்கி! பந்து ஆடினாலும் பேங்க் உத்தியோகம். காலம் முடிந்தால் கவுன்டரில் உட்காரலாம். ‘தொழில்முறை’ என்ற பளபளப்பு வந்ததும் அந்தக் குடையை மடக்கிவிட்டோம். புதுக் குடையை விரிக்கவே இல்லை.

மெக்ஸிகோவின் ஹ்யூகோ சாஞ்சஸ், ஸ்பெயினில் ஐந்து சீசன் அதிக கோல் அடித்தவர். 1989-90-ல் மட்டும் 38 கோல். படித்தது பல் மருத்துவம்! அவர் முதலில் ஆடிய பூமாஸ், மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் கிளப். அங்கேயே ஆட்டம், அங்கேயே படிப்பு. அந்த ஊரும் சொர்க்கமில்லை. கான்ட்ராக்ட் முடிந்த பிறகும், பழைய கிளப் தலையாட்டாமல் வீரன் நகர முடியாது என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். ஆனால், 2021-ல் அந்த நாட்டின் போட்டி ஆணையம் 17 கிளப்புகள் மேல் அபராதம் போட்டது. இங்கே? சம்பளம் வராத பையன் யாரிடம் போய் நிற்பான்?

கிரிக்கெட்டைத் திட்டுவது என் நோக்கமில்லை. 2024-ல் டி.என்.பி.எல். கோப்பையை திண்டுக்கல் டிராகன்ஸ் ஜெயித்தபோது நானும் கை தட்டினேன். நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் விளக்கு போட்டு மேட்ச் நடக்கிறதே, அது பெருமைதான். 2023 ஏலத்தில் சாய் சுதர்சனுக்கு 21.6 லட்சம். சில வார ஆட்டத்துக்கு! கிரிக்கெட்டுக்குப் பணமும் ஏற்பாடும் நாமாகச் செய்து கொடுத்தவை. வானத்திலிருந்து விழவில்லை. அப்படியானால், ஃபுட்பாலுக்கு இல்லாததும் நாம் கொடுக்காததுதானே?

ஊர் முழுக்க இன்ஜினீயரிங் காலேஜ் வைத்திருக்கும் பெரியவர்களே... காலேஜுக்கு ஒரு அணி, அணிக்கு இருபது இலவச ஸீட், ஆடி முடித்தவனுக்கு பரீட்சை எழுத அவகாசம். இவ்வளவுதான் கேட்கிறேன். சம்மேளனத்துக்கு ஒன்று: வீரர்களின் ஒரு வருஷச் சம்பளத்தை பேங்க்கில் கட்டிவிட்டு அணி இறக்கு. இல்லையா, இறக்காதே!

அப்பாக்களே, அடுத்த தடவை அந்தக் கேள்வியை சத்தமாகவே கேளுங்கள். பையனிடம் அல்ல. பரிசளிப்பு விழா மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களிடம்.