பியூஸ் எங்கே இருக்கிறது?

காருக்குள் ரேடியோ ஸ்கேனர் பொருத்த விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஆன்டெனாவைப் பற்றி. மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால், “12 வோல்ட்தானே, அது என்ன செய்துவிடும்?” என்பார்கள். எந்தக் கருவிக்கு உரிமம் வேண்டும், எதைக் கேட்க அனுமதி உண்டு என்பதை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அது தனிக் கதை. இங்கே பேச வேண்டியது அந்த ‘12 வோல்ட்தானே’ என்ற அலட்சியத்தைப் பற்றி.

12 வோல்ட் ஆளை அடிக்காது என்பது உண்மைதான். ஆனால், என்ஜினை முடுக்கிவிட 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் அதே பேட்டரிதான் ஸ்கேனருக்கும் மின்சாரம் தருகிறது. ஸ்கேனருக்குத் தேவையோ ஓர் ஆம்பியருக்கும் குறைவு. அதன் மெல்லிய வயர் எங்காவது உராய்ந்து, தோல் கிழிந்து, கார் தகட்டைத் தொட்டால் பேட்டரி தன் முழு பலத்தையும் அதில் கொட்டும். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மின்னோட்டம் 10 மடங்கானால் வெப்பம் 100 மடங்கு. வயர் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்திலுள்ள விரிப்பில் தீப்பிடிக்கச் சில விநாடிகள் போதும்.

இதைத் தடுப்பதுதான் பியூஸின் வேலை. அது ரேடியோவைக் காப்பாற்ற வைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது வயரைக் காப்பாற்ற வைத்தது. ஆகவே, அது வயரின் தொடக்கத்தில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரேடியோவின் பின்புறத்தில் மட்டும் பியூஸை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு மீட்டர் வயரை வெறுமனே இழுத்து வந்தால், அந்த இரண்டு மீட்டருக்கும் காவலே இல்லை. அதிலும் என்ஜின் அறைத் தகட்டின் துளை வழியாக வயர் நுழையும் இடம்தான் மிக மோசமானது. ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு கத்திபோல் அறுத்துவிடும்.

பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதை மாட்டுவதும், அதைவிடக் கொடுமையாக வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் உண்டு. 3 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 15 ஆம்பியர் இருந்தால், ஷார்ட்டான வயரில் 14 ஆம்பியர் ஓடினாலும் பியூஸ் அசையாது. அப்போது 3 ஆம்பியரில் பிறப்பதைப்போல் ஏறத்தாழ 22 மடங்கு வெப்பம் பிறக்கும். பொருத்துக்கூலி வாங்கும் பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து, “பியூஸ் இதோ, இத்தனை ஆம்பியர்” என்று தொட்டுக் காட்ட வேண்டும். காட்டாதவரிடம் பணத்தை நீட்டக்கூடாது என்பேன்.

ஸ்கேனர் ஒன்றுக்கு மட்டும் என்றால் பேட்டரிவரை போகவே தேவையில்லை, சிகரெட் லைட்டர் துளையே போதும். ஆனால் காரிலுள்ள பியூஸ் அந்தத் துளைக்குப் போகும் தடித்த வயருக்கானது. ஸ்கேனரின் வயருக்கான சிறிய பியூஸ் பிளக்கின் நுனிக்குள் இருக்க வேண்டும். நுனியைத் திருகிப் பாருங்கள். உள்ளே வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் அந்தப் பிளக் வேண்டாம். ஏர்பேக், பிரேக் ஆகியவற்றுக்கான பியூஸ்களிலிருந்து மின்சாரத்தைக் கிளை பிரிப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இன்னொன்று: காரின் 12 வோல்ட் 12 ஆகவே நிற்பதில்லை. ஓய்வில் 12.6, என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் போகும், முடுக்கும்போது சட்டென்று இறங்கும். வாகனத்துக்கென்று செய்யாத கருவியை நேரடியாக இணைப்பதற்கு முன் அதன் கையேட்டைப் பார்ப்பது நல்லது. இரைச்சல் கேட்டால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லுமுன் பக்கத்துத் துளையிலுள்ள மலிவு யுஎஸ்பி சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்.

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் லைட்டர் துளையில் மின்சாரம் இருக்கும். 0.4 ஆம்பியர் இழுக்கும் ஸ்கேனர் ஒரு நாளில் 9.6 ஆம்பியர்-மணி குடிக்கும். சிறிய கார்களின் பேட்டரி கொள்ளளவு சுமார் 35 ஆம்பியர்-மணி. காரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நான்கு நாள் பினாங்கு போய் வருகிறவர், கிளம்பும்போது அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகட்டும்.